பந்தய நாளில் மலையாண்டி எங்கே இருந்தார்

1

இது ஒரு விழா மலருக்கு எழுத வேண்டியிருந்த கட்டுரை. மதுரையில் பைக் ஓட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று, 'அந்தக்கால மதுரை வட்டாரத்தின் தலைசிறந்த பத்து என்டூரோ வீரர்கள்' என்று எழுதித் தரச் சொன்னது. ஆளுக்கு ஒரு பத்தி, ஒரு படம். தேடியதில் ஒன்பது பேர் கிடைத்தார்கள். ஒன்பது பேரைப் பற்றியும் உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அவர்களிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.

ஓட்டினார்களா என்று கேட்டேன்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீக? வண்டி வச்சிருந்தவுக ஓட்டாமயா இருந்திருப்பாக?" என்றார் சங்கச் செயலாளர்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் பத்தாவது ஆளாக மலையாண்டியை உண்டாக்கினேன். ஆமாம், உண்டாக்கினேன். ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: '1936, தை மாதத்துக் காலை. பனி விலகாத வைகைக் கரையில் எட்டு எந்திரங்கள் சிங்கங்களைப் போல உறுமி—'

(வேண்டாம். அந்தக் கால எந்திரங்கள் உறுமவில்லை, இருமின.)

இரண்டாம் தொடக்கம்: 'மலையாண்டிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவன்—'

(இதுவும் வேண்டாம். பயத்தை அவர் அளவுக்குத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. தவிர, இதே தாளில் அவருடைய முதலாளியான ஜமீனுக்கு 'அவர்', மலையாண்டிக்கு 'அவன்' என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லாமலே கை அப்படிப் போனது. திருத்தியிருக்கிறேன்.)

விதியிலிருந்தே தொடங்குகிறேன். கரடுமுரடான வழியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பந்தயத்தை இன்றைக்கு என்டூரோ என்கிறார்கள். அன்றைக்கு வெறும் மோட்டார் பந்தயம். மதுரையில் கிளம்பி, பசுமலை தாண்டி, உசிலம்பட்டி வழியாக எழுமலை போய்த் திரும்ப வேண்டும். பாதி வழி வண்டித்தடம், மீதி கண்மாய்க்கரையும் ஓடை மணலும். வேகமாகப் போகிறவர் ஜெயிப்பதில்லை. மணிக்கு இருபத்து நாலு மைல் என்று கணக்கிட்டு, குறித்த இடத்துக்குக் குறித்த நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் மதிப்பெண் போகும், பிந்தினாலும் போகும்.

பந்தயத்துக்கு வந்த வெள்ளைக்கார ஆலை எஞ்சினீயர்களுக்கு இந்த விதியை அரைமணி நேரம் விளக்கினார்கள். மலையாண்டிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கைரேகைச் சட்டத்தில் பதிவான ஆள் அவர். குறிப்பிட்ட சாதியில் பிறந்ததையே குற்றமாகச் சொன்ன சட்டம் அது. தினமும் பொழுது சாய ஸ்டேஷனில் போய் ரேகை வைக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்கி, போகிற ஊர் ஸ்டேஷன்களில் நேரம் போட்டு முத்திரை வாங்கி, திரும்பி வந்து ஒப்படைக்க வேண்டும்.

3

மலையாண்டி வேலை பார்த்தது சின்ன ஜமீனின் மோட்டார் ஷெட்டில். சின்ன ஜமீனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏறத் தெரியும். இறங்கத் தெரியாது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

"தொப்பியும் கண்ணாடியும் மாட்டிட்டா நீயும் நானும் ஒண்ணுதாண்டா," என்றார் சின்ன ஜமீன். "நீ ஓட்டு. திரும்பி வர்றப்ப பசுமலைக்கிட்ட நான் ஏறிக்கிறேன்."

மலையாண்டி கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார்.

"கோப்பை வரட்டும். உன் பேர அந்த ரெஜிஸ்தர்லருந்து எடுக்கச் சொல்லி நானே சிபாரிசு பண்றேன். போதுமா?"

வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சீனியம்மாள் கேழ்வரகு புடைப்பதை நிறுத்தவில்லை.

"வாயால சொன்னாரா, எழுதித் தாரேன்னாரா?"

"சொன்னாரு."

"எழுதி வாங்கு. அவுக பேச்சு அவுகளுக்கே மறுநா ஞாபகம் இருக்காது."

(இந்த இடத்தில் சீனியம்மாளை அழவைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். சீனியம்மாளுக்கு வேலை இருந்தது என்று பதில் சொல்லிவிட்டேன்.)

4

எழுமலையில் காதுகுத்து என்று சொல்லி மலையாண்டி சீட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார். ஒவ்வோர் ஊரிலும் அவருக்கு இரண்டு மேஜைகள். முதலில் போலீஸ் ஸ்டேஷன், தொப்பியும் கண்ணாடியும் கழற்றிய மலையாண்டியாக. அப்புறம் பந்தய மேஜை, கண்ணாடி மாட்டிய சின்ன ஜமீனாக.

உசிலம்பட்டியில் ஏட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காதுகுத்துக்கா போற? செம்மண்ணுல பொரண்ட எருமை மாதிரி இருக்க."

"ரோடு அப்படிங்கய்யா."

"வண்டி யாருது?"

"சின்னய்யாவுதுங்க. எழுமலையில கொண்டுபோயி விடச் சொன்னாக."

ஏட்டு முத்திரையைத் தேடி, மைப்பெட்டியில் தண்ணீர் விட்டு, ஊதி, நேரம் எழுதிக் குத்தினார். பத்து நிமிஷம் போயிற்று. மலையாண்டி வாசலில் நின்ற வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் அளவுக்கு மீறி வேகமாக ஓட்டியிருந்தார் என்பதும், அந்தப் பத்து நிமிஷம்தான் அவரைச் சரியான நிமிஷத்தில் பந்தய மேஜைக்குக் கொண்டுபோய் விட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. எழுமலையிலும் அதுவே நடந்தது. மற்ற ஏழு பேரில் நான்கு பேர் முந்திப்போய்க் கெட்டார்கள். இரண்டு பேர் ஓடை மணலில் புதைந்தார்கள். ஒருவர் வழியில் கள் குடித்துத் தூங்கிவிட்டார்.*

* மலருக்குக் கிடைத்த ஒன்பது பேரில் ஒருவராக இவர் இருக்கக்கூடும். படம் நன்றாக இருந்தது.

பசுமலையில் புளியமரத்தடியில் சின்ன ஜமீன் காத்திருந்தார். குனிந்து புழுதியை அள்ளி, விபூதி பூசுகிற பக்தியோடு முகத்தில் பூசிக்கொண்டார். மதுரையில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இறங்க வராமல் சாய்ந்தவரை நாலு பேர் தாங்கினார்கள். வெகுதூரம் ஓட்டிய களைப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. கோப்பை அவருக்கு.

5

சின்ன ஜமீன் சொன்ன சொல் தவறவில்லை. மலையாண்டி கேட்டதும் ஸ்டேஷனுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். இவன் நாணயமானவன், உழைப்பாளி, பெயரை நீக்கலாம் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடப் போனவர், சற்று யோசித்தார். ஓட்டியது வேறு ஆள் என்று கிளப்பில் இரண்டு பேர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே ஒரு வரி சேர்த்தார்: 'பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமையன்று பகல் முழுதும் இவன் மதுரையில் என் ஷெட்டை விட்டு நகரவில்லை என்பதற்கு நானே சாட்சி.'

சீட்டு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஊர்விட்டு ஊர் போக அவர் யாரிடமும் கேட்டதில்லை. மலையாண்டிக்கோ இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

6

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்தார். திரும்பி வந்திருந்த சீட்டுகளின் கட்டிலிருந்து ஒன்றை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதுல நீ அன்னைக்கிப் பூரா ஷெட்ல இருந்த. இதுல எட்டு மணிக்கு உசிலம்பட்டி, எட்டரைக்கு எழுமலை. எந்தப் பஸ்ஸுப்பா அது? சொன்னா நானும் ஏறிக்கிருவேன்."

மலையாண்டிக்கு அப்போதுதான் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரிந்தது.

"சீட்டு பொய்யின்னா கள்ள முத்திரை. ஆறு மாசம் உள்ள. கடுதாசி பொய்யின்னா பந்தய வண்டிய ஓட்டுனது நீ, ஜமீன் வாங்குன கோப்பை பொய்யி. அப்ப சிபாரிசும் கெடையாது, உனக்கு வேலையும் கெடையாது. பேரு ரெஜிஸ்தர்லயே இருக்கும். அன்னைக்கி எங்க இருந்த?"

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சீட்டு மெய் என்கிறார் மலையாண்டி. வேலை போகிறது, பெயர் நிற்கிறது. கடிதம் மெய் என்கிறார். சிறைக்குப் போகிறார், பெயர் அப்போதும் நிற்கிறது. மூன்றாவதில், இன்ஸ்பெக்டர் ஒரு மோட்டார் பிரியர். முத்திரையில் இருக்கும் நேரங்களைப் பார்த்து வியந்து எழுந்து கை கொடுக்கிறார். செயலாளருக்கு இது ரொம்பப் பிடித்தது. "இதையே வச்சுக்கலாம்ணே, படம் வரையவும் தோதா இருக்கு," என்றார். நான் அந்தத் தாளைக் கிழித்து—

(கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன். எனக்கும் ஆசைதான்.)

ஆனால் மலையாண்டி இந்த மூன்றுக்கும் வரவில்லை. இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க எங்க இருந்தேன்னு எழுதுறீகளோ, அங்க இருந்தேங்கய்யா."

இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தொட்டார்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அவர் எங்கே இருந்தார் என்று அவருக்காக முடிவுசெய்கிற ஆட்களில் நானும் ஒருவனாகிவிடுவேன். சட்டம், ஜமீன், சங்கம் என்று ஏற்கெனவே கூட்டம் அதிகம். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.