மூடி மட்டும் வைத்த மடிக்கணினி

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில், என் முறைக்காகக் காத்திருந்தபோது. கதை என்று சொல்லக் கூசுகிறது. ஒருவருடைய வயிற்றெரிச்சல் அது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவர்... (அடித்துவிட்டேன். மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

2.

எனக்கு முன்னால் வந்திருந்த மூட்டை தூக்குபவர் ஒருவர் தன் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ரொம்ப இழுக்குதும்மா. ஒரு எழுத்து அடிச்சா, டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் தெரியுது."

"ராம் மெமரி பத்தலண்ணே. எட்டு ஜிபி போட்டா பறக்கும்."

கடைக்காரம்மா பத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது அவள் தொழில் ஒழுங்கு. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: அணைத்திருக்கிறதா என்று பார்ப்பது. ஓரத்தில் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது; மிஷின் அணையவில்லை, தூங்குகிறது என்று அர்த்தம். பார்த்தாள். கை நிற்கவில்லை; பேட்டரி இணைப்பைப் பிடுங்கியது. பழைய ராமை எடுத்துவிட்டுப் புதியதைச் சாய்த்துச் செருகி அழுத்தினாள்.

3.

திரை சட்டென்று வந்தது. அவர் முகம்தான் மலரவில்லை.

"என் பக்கம் எங்கம்மா?"

"எந்தப் பேர்ல சேமிச்சீங்க?"

"பேரா? மூடி வச்சிடுவேன். திறந்தா அப்படியே இருக்கும். பதினோரு நாளா அப்படித்தான்."

சேமிக்காத எழுத்து, மின்சாரம் உள்ளவரைதான் ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் நிற்கும்.

கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவருடைய கூட்டாளி செத்துப்போனார். குடித்திருந்தார் என்கிறது நிர்வாகம். கண்ணால் பார்த்தவர் இவர் ஒருவர்தான். மறுநாள் காலை விசாரணை. அதிகாரிகள் முன்னால் நாக்கு எழாது என்றுதான் பார்த்ததையெல்லாம் அந்தப் பக்கத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி வைத்திருந்தார்.

(இங்கே அவரை அழவைத்திருந்தேன். பொய். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.)

"மிஷின் தின்னுடுச்சாம்மா?"

4.

நான் யோசித்த ஒரு முடிவு: "ஆமாண்ணே, பழைய மிஷின்" என்கிறாள். அவர் நம்பிவிடுவார். அதனாலேயே அதை எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான்.

"இல்லண்ணே. விளக்கு எரிஞ்சதைப் பார்த்தேன். நான்தான் பிடுங்கிட்டேன்."

அவளை அவர் மன்னித்து... (மன்னிப்பு அவ்வளவு மலிவா?)

"அவன் குடிக்கலம்மா" என்றார் அவர்.

"சொல்லுங்கண்ணே, அடிச்சுத் தர்றேன்."

அவள் தட்ட ஆரம்பித்தாள். எழுத்தெல்லாம் தப்பித் தப்பி விழுந்தது. தலை தூக்கி, நீங்கள் அடித்துத் தருவீர்களா என்பதுபோல், காத்திருந்த என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். முடிவு எனக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

நான் விட்டுப்போன நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள், அடித்துக் கொடுங்கள். அவர் மெதுவாகத்தான் சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் சேமியுங்கள்.