முறுக்கிக்கொண்ட வளையம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். எந்த முடிவு வந்தாலும், இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்பாள்.

காரணம் தெரியாத ஓயாத அசதியில் தவிப்பவர்களின் இரத்தத்தில் அவர்கள் ஓர் அடையாளத்தைத் தேடினார்கள். உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு, வளையமாக இருக்கும். அதன் எழுத்துகளில் எத்தனையில் மெத்தில் என்ற வேதிக்குறி ஒட்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு மருந்தில் ஊறவைத்தால் குறி இல்லாத எழுத்து மாறிவிடும், குறி உள்ளது அப்படியே நிற்கும். நின்றதை எண்ணினால் கணக்குத் தெரியும்.

நோயாளிகளிடம் குறி ஏராளம், ஒப்பிட எடுத்த ஆரோக்கியமானவர்களிடம் இல்லை என்று வந்தது. கூடத்தின் தலைவர் இரத்தம் கொடுத்தவர்களைக் கூட்டி, "உங்க அசதி கற்பனை இல்ல, அதுக்கு அடையாளம் கிடைச்சிருச்சு" என்று சொல்லியும்விட்டார். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. குறி ஒட்டவே வழியில்லாத பாக்டீரியாவில் வளர்ந்த வளைய டிஎன்ஏவை அதே மருந்தில் போட்டுப் பார்த்தாள். அதிலும் குறி வந்தது. வளையத்தை நொதியால் வெட்டி நீட்டிவிட்டுப் பார்த்தாள். குறி காணாமல் போனது.

தலைவர் முகம் சுருங்கியது. "எல்லாருக்கும் சொன்னப்புறம் ஏம்மா கிளறுறே?"

"வளையம் முறுக்கிக்கிட்டு இருந்தா மருந்து உள்ள இறங்கல சார். மாறாம நின்னதையெல்லாம் நாம குறின்னு எண்ணிட்டோம்."

"அப்ப நல்லா இருக்கறவங்களுக்கு ஏன் வரல?"

"அவங்க ரத்தம் ரொம்ப நாள் ஃப்ரீஸர்ல கிடந்தது. உறைஞ்சு உருகி வளையம் தானா உடைஞ்சிருக்கும்."

மருந்து கெட்டிருக்கும் என்றார் தலைவர். புது மருந்து வாங்கினார்கள். கை தவறியிருக்கும் என்றார். வேறொருவர் கையால் செய்தார்கள். நடுவில் இயந்திரம் மக்கர் பண்ணி மாதிரிகள் வீணாக, மறுபடியும் முதலிலிருந்து. எல்லாம் முடிந்தும் அதே பதில். தான் சொன்னது சரியாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை, எரிச்சல்தான் மிஞ்சியது.

அக்காவிடம் அவளே போய்ச் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் நடிக்கிறேன்னு உங்க அத்தான் திரும்ப ஆரம்பிப்பாரு."

"தப்பு நாங்க அளந்த விதத்துல, அக்கா. உன் அசதியில இல்ல."

"அதை அவருக்கு எப்படிடி காட்டுறது?"

எல்லோரிடமும் புதிதாக இரத்தம் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மென்று விழுங்கிச் சொன்னாள்.

அக்கா சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தாள். "நல்லா இருக்கற ஆளு வேணும்னா அவரைக் கூட்டிட்டுப் போ. அவருக்குத்தான் ஒரு குறையும் இல்லையே."

அத்தான் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்; ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை எல்லா வளையங்களையும் வெட்டிவிட்டு அளந்தார்கள். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவுதான்; குறியே இல்லை என்று சொல்லலாம்.

தலைவர் மறுபடி கூட்டம் போட்டு, நடந்த தவறைத் தம் வாயாலேயே சொன்னார். பாதி நாற்காலிகள் காலி. அக்கா வரவில்லை, எழுந்து நடக்க முடியவில்லை என்று அத்தான்தான் போனில் சொன்னார். அவர் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.