பின் சீட்டில் ஏணி

அந்த ஷோரூமில் அவனுக்கு ஏணி என்றுதான் பெயர். ஆறடி நாலங்குல ஆளைப் பிடித்து, இருப்பதிலேயே சின்னக் காரை விற்கச் சொன்ன மேனேஜரின் அறிவை மெச்சத்தான் வேண்டும். மூன்று மாதமாக ஒரு வண்டிகூடப் போணியாகவில்லை.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது வித்துடு. இல்லேன்னா நாளைக்கு வராதே" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

நாலு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஏணி வாய் ஓயாமல் அளந்தான். எந்தச் சந்திலும் திரும்பும், ஒரு கட்டில் போடும் இடத்தில் நிற்கும், பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் என்றான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க அண்ணன் உங்க உயரம்தான் தம்பி. தினமும் எங்ககூடத்தான் ஆபீஸுக்கு வர்றாரு. நீங்க பின்னாடி உட்காருங்க, பார்ப்போம்."

முதலில் தலை, பிறகு ஒரு கால், அப்புறம் மிச்சம் என்று தவணை முறையில் உள்ளே போனான். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"எப்படி இருக்கு?"

"வீட்டு சோபா மாதிரி இருக்கும்மா."

புளுகு பலித்ததா என்று பார்த்தான். இருவர் முகமும் ஏனோ சுருங்கிவிட்டது. மனைவி கலர் பார்க்க நகர்ந்ததும் கணவன் ஜன்னலருகே குனிந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க தம்பி. நெஜமாவே சௌகரியமா?"

இடது கால் மரத்துப்போயிருந்தது. வேலை போனால் போகட்டும், கால் மிஞ்சினால் போதும் என்றாகிவிட்டது ஏணிக்கு. "இல்ல சார். உயிர் போகுது."

அவர் முகம் மலர்ந்தது. "ஏழு வருஷமா மச்சான் பின்னாடி உட்கார்ந்து பிரேக்கைப் போடு, ஹாரனை அடின்னு என் உயிரை எடுக்கறாரு. இந்த வண்டியையே எடுத்துக்கறேன். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

அவர் கவுண்டருக்கு ஓடினார். மறு நிமிஷம் அடுத்த ஜன்னலில் அந்த அம்மாளின் முகம்.

"தம்பி, சோபான்னு சொன்னது நெஜமா? அண்ணன் பேச்சை வழி பூரா கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. அவரால இதுல ஏற முடியும்னா நாங்க வேற கடை பார்க்கணும். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."

"ஏறலாம்மா, இறங்கத்தான் முடியாது" என்றான் ஏணி. "வேணும்னா என்னை இழுத்துப் பாருங்க."

அவள் இழுத்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. "ஏங்க, இதுவே நல்லாருக்குங்க!" என்று கவுண்டரைப் பார்த்துக் கத்தினாள்.

விற்ற செய்தி கேட்டு மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து ஜன்னல் வழியே கையை நீட்டினார். ஏணி இரண்டு கைகளாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கதவைத் திறந்துட்டு அப்படியே இழுங்க சார்" என்றான்.