டாப்சிக் கப்பலும் சம்பவநாதனும்

செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய சம்பவநாதனுக்கு ஒரு கப்பலின் மேல் கொள்ளைப் பிரியம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சின்ன ஆங்கிலேயப் போர்க்கப்பல். பெயர் டாப்சிக், நம் ஏரியில் நீந்தும் முக்குளிப்பான் பறவைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். புதுச்சேரியை முற்றுகையிட்ட பெரிய கப்பல்களுக்குத் தண்ணீரும் தபாலும் சுமந்து திரிந்தது.

1964-இல் ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டபோது அந்தக் கப்பலையே எடுத்துக்கொண்டார். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மனைவி ஜ்வாலாமாலினியிடம் பீரங்கிக் கணக்கெல்லாம் சேர்த்துத் தினமும் பேசிப் பார்த்தார்.

"இவ்ளோ பேசறீங்களே, கடல்ல போயிருக்கீங்களா?"

"பார்த்ததே இல்ல."

"நல்லா இருக்குது போங்க!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் புதுச்சேரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறிக்கொண்டாள். ஆதிமூலம் என்ற மீனவர் இருவரையும் படகில் அழைத்துப் போனார். அலை தாண்டுமுன்பே சம்பவநாதனுக்குக் குமட்டியது. காலையில் தின்ற இட்லி மொத்தமும் கடலுக்குப் போயிற்று. ஜ்வாலாமாலினி ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "அந்தாண்ட இன்னா மீன் கெடைக்கும்?" என்று ஆதிமூலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கரையில் மணலில் சாய்ந்து கிடந்தபடி சம்பவநாதன் சொன்னார்: "பாவம்டி அந்தக் கப்பல்காரனுங்க. வருஷக்கணக்கா எப்பிடி இருந்தானுங்க?"

நூலகத்தில் பீரங்கிக் கணக்கை அவர் தொடவே இல்லை. மாலுமிகளின் வாந்தியையும் புழுத்த ரொட்டியையும் பற்றிப் பேசினார். முற்றுகையின்போது அடித்த பெரும்புயலில் பெரிய கப்பல்கள் கவிழ்ந்தன. தண்ணீர் பிடிக்கச் சென்னைக்குப் போயிருந்த டாப்சிக் தப்பியது. திரும்பி வந்து, உடைந்த மரங்களைப் பிடித்து மிதந்தவர்களைக் கொள்ளுமட்டும் ஏற்றிக்கொண்டது. செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசுவார் என்று வந்தவர்கள் இடத்தைவிட்டு அசையவில்லை.

மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்யும் மீனம்பாள் கேட்டாள்: "அப்பால அந்தக் கப்பல் இன்னா ஆச்சு, வாத்தியாரே?"

சம்பவநாதன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழசாயிட்டுது. ஏலம் போட்டாங்க. எடுத்தவன் பிரிச்சு வெறகா வித்துட்டான்."

"அடப்பாவி!" என்றாள் மீனம்பாள். கூட்டமே உச்சுக்கொட்டியது.

வெளியே வந்ததும், "அழுதுட்டீங்களா?" என்றாள் ஜ்வாலாமாலினி.

"லேசா."

"நானுந்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அவள் விடவில்லை.