டீத்தூளுக்குப் பன்னிரண்டு எட்டு

"ரொட்டி வாசம் வந்தாச்சு. இனி கையை விடுடா," என்றாள் அக்கா. அவளுக்குப் பார்வை போய் இரண்டு வருடமாகிறது. யார் துணையும் இல்லாமல் அவள் வந்துபோகிற ஒரே இடம் இந்தப் பெரிய கடைதான். இன்று தம்பி வலிய வந்து ஒட்டிக்கொண்டது அவளுக்கே ஆச்சரியம்.

எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று இந்தக் கடைக்கு வரைபடம் போடுவது அவன் வேலை. வாசலிலேயே ரொட்டி சுடுவது பசியைக் கிளப்ப. பாலைக் கடைசி மூலையில் வைப்பது, அதற்காக நடப்பவர்கள் போகிற போக்கில் நாலு பொருளை எடுக்கட்டும் என்று. விலை கூடிய வரிசையில் மட்டும் தரைக்குச் சின்னச் சின்ன ஓடு. தள்ளுவண்டிச் சக்கரம் அதன்மேல் கடகடக்கும்போது, ரொம்ப வேகமாகப் போகிறோமோ என்று ஆள் தானாக நடையைக் குறைத்துவிடுவார். மற்றவர்களுக்கு வலையாக விரித்ததெல்லாம் அக்காவுக்கு வழியாகியிருந்தது.

"கடகடன்னா பிஸ்கட். சத்தம் நின்னதும் பன்னிரண்டு எட்டு வச்சா டீத்தூள்." கை நீட்டினாள். எப்போதும் வாங்கும் அதே டப்பா.

சின்ன வயதில் வீட்டுக்குள் கடை வைத்து விளையாடுவார்கள். கடைக்காரி எப்போதும் அக்காதான். நல்ல சாமான்களைக் கட்டிலில் பரப்பிவிட்டு, தள்ளிவிட நினைக்கும் உடைந்த பம்பரத்தை மட்டும் ஜன்னல் விளிம்பில், அவன் கண்ணுக்கு நேரே வைப்பாள். ஒவ்வொரு முறையும் அதைத்தான் வாங்குவான். ஏன் என்று புரிவதற்கு இந்த வேலையில் சேர வேண்டியிருந்தது.

"என்ன, வாயைப் பூட்டிட்டு வந்தியா?"

"நாளைக்கு எல்லா வரிசையையும் மாத்துறோம்க்கா. பழகின ஆளுங்க தேடாம எடுத்துட்டுப் போயிடறாங்களாம். தேடினாத்தான் வேற ஏதாவது கண்ணுல படும்னு மேலிடத்து உத்தரவு."

டப்பாவின் மேல் அவள் விரல்கள் அசையாமல் இருந்தன.

"வரைஞ்சது?"

"நான்தான்."

"உடைஞ்ச பம்பரத்துக்கு இப்பப் பழி வாங்குறே." சிரித்தாள்; சிரிப்பு பாதியில் நின்றது. "தரையையும் பேத்துடுவீங்களா?"

"தரை அப்படியேதான்."

"ரொட்டி?"

"அதுவும்."

வண்டியை வாசல் பக்கம் திருப்பினாள். "வா. கண்ணை மூடிக்கிட்டு, எது எங்க வரும்னு சொல்லி, உன் புதுக் கடையை நடந்து காட்டு. எட்டு எண்ணுறது நான்."

வாசலில் அவன் கண்ணை மூடினான். கைப்பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் அவன் கை. மூன்றாவது எட்டிலேயே தடுமாறினான்.

"ம், நடடா."

கொஞ்ச தூரத்தில் சக்கரங்கள் கடகடக்கத் தொடங்கின. அவனை அறியாமலே அவன் நடை குறைந்தது.