யார் பேரைப் போடுவது

ராத்திரி முழுக்கக் கம்பெனி இன்டர்நெட்டில் நான் எதையோ இறக்கிக்கொண்டே இருந்தேனாம். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லையாம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தோடு வீட்டில் படுத்துக் கிடந்தேனே, அன்றைக்கும் நான் அசரவில்லையாம். விசாரணைக்கு வா, பதில் சரியில்லை என்றால் வேலை போகும் என்று மெயில் வந்தது. படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

எங்களுடையது பெயிண்ட் கம்பெனி. கலவைக்கூடத்தில் கலர் கலக்கும் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் புது ஷேட், அதாவது புது நிறத்தின் கலவைக் கணக்கு, ஏற்றுவதென்றாலும் வேறு சாஃப்ட்வேர் பேக்கேஜ் எதை ஏற்றுவதென்றாலும் அது இன்டர்நெட்டிலிருந்து வரவேண்டும். நேராக வராது. ப்ராக்ஸி என்று ஒரு சர்வர் நடுவில் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கும். சொல்லாவிட்டால் 407 என்று ஓர் எண்ணைத் துப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தக் கம்பெனியில் மனுஷர்களுக்குத்தான் பேர் உண்டு, மெஷினுக்குக் கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மெஷின்களுக்கென்று தனியாக ஒரு பேர் வாங்கிக் கொடுங்கள் என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். மேலதிகாரி வேறு யாருமில்லை, என் அக்காவின் புருஷன். வீட்டில் அத்தான், ஆபீசில் சார்.

“அதுக்கு எழுதிக் கேட்டு, அவங்க ஆயிரம் கேள்வி கேட்டு, எப்ப முடியறது? இப்போதைக்கு உன் பேரைப் போட்டு ஏத்து. அப்புறம் மாத்திக்கலாம்.”

“உங்க பேரைப் போடலாமே சார்.”

“இந்தச் சின்ன விஷயத்துக்கு நான் எதுக்கு? போடும்மா.”

போட்டுத் தொலைத்தேன். முதல் மெஷினின் செட்டிங்கில் ப்ராக்ஸியின் முகவரி, என் பேர், என் பாஸ்வேர்ட். பேக்கேஜ்கள் மளமளவென்று இறங்கின. வேலை முடிந்ததும் என் பேரை அழிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அத்தான் அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற மெஷின்களுக்கும் மாட்டவைத்துவிட்டார். எல்லாம் ஒரே நாளில் முடிந்ததென்று மேலிடத்தில் அவருக்குப் பாராட்டு. நகலோடு நகலாக என் பேரும் பாஸ்வேர்டும் கூடம் முழுக்கப் போய் உட்கார்ந்துகொண்டன.

மெஷின்கள் சும்மா இருக்குமா? புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று ராத்திரி பகல் பாராமல் தாமாகவே வெளியே போய்ப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் என் பேரைச் சொல்லிக்கொண்டு போகும். இதை மாற்றுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். நான் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறேன் என்றால், கூடமே நின்றுபோகும், கைவைக்காதே என்று வாயை அடைத்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா போன் பண்ணினாள்.

“நாளைக்கு அவர் பேரை இழுக்காதேடி. பதவி உயர்வு வர்ற நேரம். அவரே உனக்காகப் பேசறேன்னு சொல்லியிருக்கார்.”

“என் வேலை போகப் போகுதுக்கா.”

“அதெல்லாம் போகாது. அவர் உன்னை விட்டுக்குடுப்பாரா?”

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

விசாரணை அறையில் ஜன்னல் திறக்காது, தின்னர் வாடை மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும். ப்ராக்ஸி வழியாக யார் பேரில் யார் போகிறார்கள் என்று காட்டும் திரையை முன்னால் வைத்துக்கொண்டு பாதுகாப்புப் பிரிவுத் தலைவி உட்கார்ந்திருந்தார். எதையும் சலித்துச் சலித்துக் கேட்பதால் நாங்கள் அந்த அம்மாவுக்கு வைத்திருக்கும் பேர் சல்லடை. பக்கத்தில் அத்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“இந்தப் பேர்ல வெளிய போனது நீங்கதானே?” என்றார் சல்லடை.

“பேர் என்னுது மேடம். போனது கலவைக்கூடத்து மெஷின்.”

“உங்க பேர் அங்க எப்படிப் போச்சு?”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பேசவேண்டிய இடம் இதுதான். பேசவும் செய்தார்.

“அவங்கதான் போட்டிருக்காங்க மேடம். யார் சொல்லிப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாம பண்ணிட்டாங்க. பெரிசாக்காம அனுப்பிடலாம்.”

அனுப்பிடலாமாம். எங்கே? வீட்டுக்கு. காலையில் என் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு வந்து, பத்தரை மணிக்கு என் சோற்றில் மண்ணைப் போடுகிறார், அதுவும் எனக்கு உபகாரம் பண்ணுகிற குரலில். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கத்தியிருப்பேன். கத்தினால் கத்தினதுதான் குற்றமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“மேடம், என் பாஸ்வேர்டை நான் இப்ப மாத்திக்கலாமா?”

“உங்களோடதுதானே. மாத்துங்க.”

பேனா மூடி நின்றது. “இப்ப எதுக்கு? இன்னிக்குக் கூடத்துல புது ஷேட் ஏத்திட்டிருக்காங்க” என்றார் அத்தான்.

என் லேப்டாப்பில் மாற்றினேன். மாற்றிவிட்டுக் கை இரண்டையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டேன்.

“இப்ப உங்க திரையைப் பாருங்க மேடம்.”

பார்த்தார். என் பேர் வந்தது, பழைய பாஸ்வேர்டோடு. ப்ராக்ஸி மறுத்தது. மறுபடி என் பேர், மறுபடி மறுப்பு. கலவைக்கூடத்திலிருந்து ஒரு மெஷின் மாற்றி ஒரு மெஷின் வந்து தட்டிக்கொண்டே இருந்தது. சல்லடை திரையையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் அத்தானின் போன் அடித்தது. கூடத்து மேற்பார்வையாளரின் குரல் எங்களுக்கே கேட்டது. “சார், எல்லா மெஷின்லயும் 407னு வருது. ஷேட் ஏறவே இல்ல. லாரி வேற வந்து நிக்குது.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “பாஸ்வேர்டைப் பழையபடி வை.”

“முடியாது சார். உங்க பேரைப் போடுங்க. இங்கிருந்தே எல்லா மெஷினுக்கும் அனுப்பிடறேன்.”

லேப்டாப்பை அவர் முன்னால் தள்ளினேன்.

“போடுங்க சார். லாரி நிக்குதே” என்றார் சல்லடை.

விரல்கள் சாவிப்பலகை வரை போயின. தொடவில்லை.

“என் பேரா? அது எப்படி மேடம்? அந்த மெஷின் எங்க போகுது, என்னத்தை எடுத்துட்டு வருதுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலையில விடியும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப இவங்க தலை?” என்றார் சல்லடை.

அத்தான் மறுபடி பேனா மூடியை எடுத்து மாட்டினார். சல்லடை என்னைப் பார்த்து, “நீங்க உங்க சீட்டுக்குப் போங்கம்மா. மெஷினுக்குத் தனிப் பேர் இப்பவே போட்டுத் தரச் சொல்றேன். சார் இருக்கட்டும்” என்றார்.

எழுந்தேன். என் போன் மேஜைமேல் அதிர்ந்தது. அக்கா. அவர் எனக்காகப் பேசினாரா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள்.

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்களே சொல்லுங்க அத்தான்.”