நீலா வளர்த்த புரதம்

"என் நோட்டைக் குடு! குடுத்துட்டு அந்தால போ!"

"கத்தாதே நீலா! அது கம்பெனி நோட்டு. உங்க வீட்டு சொத்தா?"

பூனாவில், வாகட் பகுதியில் அந்த அடுக்ககத்தின் பார்க்கிங்கில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தக் கச்சேரி. அத்தனை பால்கனியிலும் துணி உலர்த்துவது திடீரென்று அவசர வேலையாகிவிட்டது. காய்ந்த துணியைக்கூடச் சிலர் மறுபடி உதறிப் போட்டார்கள்.

நீலா தென்காசிக்காரி, பி-விங்கில் வாடகைக்கு இருப்பவள். ஜெயந்த் ஏ-விங், சொந்த ஃப்ளாட், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. இருவருக்கும் ஹிஞ்சவாடியில் ஒரே கம்பெனியில் உத்தியோகம். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மனிதப் புரதம் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அது. மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுவார்கள். அது மாடாய் உழைத்து நம் புரதத்தைச் செய்து கொடுக்கும்.

நீலா இரண்டு வருஷம் மல்லுக்கட்டியது, செல்லுக்குள் சரக்கை இங்கிருந்து அங்கே அனுப்பிவைக்கும் ஒரு புரதத்தோடு. தொட்டதற்கெல்லாம் திரிந்துபோகிற ஜாதி. அதைத் தெளிந்த தண்ணீராய் நிற்கவைத்தவள் அவள். தங்கை கல்யாணத்துக்கு அவள் ஊருக்குப் போன பத்து நாளில், அவள் நோட்டை எடுத்து, அதிலிருந்ததைத் திரையில் படம் போட்டுக் காட்டி, மேனேஜர் சஹானா மேடத்திடம் 'என் முறை' என்று சொல்லிவிட்டான் ஜெயந்த். விற்பனைத் தாளிலும் அவன் பேர் ஏறிவிட்டது. நீலாவின் பேர் எங்கேயும் இல்லை.

சத்தம் கேட்டு ஜெயந்தின் அப்பா பட்டாபிராமன் இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, நாலு பேர் பார்க்கற இடத்துல? அவன் பேர் போட்டா என்ன, உன் பேர் போட்டா என்ன? எல்லாம் நம்மவாதானே."

"அப்போ என் பேரைப் போடச் சொல்லுங்க மாமா. நம்மவாதானே!"

மேல் பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா முகம் சுண்டிப்போனது. "பொண்ணுக்கு இவ்ளோ வாய் ஆகாது" என்று லிஃப்டுக்குத் திரும்பினார்.

நீலா அதோடு அடங்கிவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போய் மோர் குடித்து, யோசித்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் எல்லாப் புரதத்துக்கும் ஒரே அச்சடித்த தயாரிப்புக் குறிப்பு. அதில் ஈ.டி.டி.ஏ. என்றொரு உப்பு உண்டு. மற்ற புரதங்களுக்கு அது காவல்காரன். நீலாவின் புரதத்துக்கு மட்டும் எமன். புரதத்தின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அச்சடித்த குறிப்பைத் திருத்த மூன்று கையெழுத்து வேண்டும். அதற்கு யார் அலைவது என்று, நீலா நோட்டின் ஓரத்தில் தன் கையால் தமிழில் எழுதிவைத்துக்கொண்டாள்: ஈ.டி.டி.ஏ. போடாதே, மெக்னீசியம் போடு. ஜெயந்த் தமிழ் பேசுவான். படிப்பதென்றால் பேருந்துப் பலகைகூட அவனுக்குக் கோலம்தான்.

புதன்கிழமை காண்டீனில் வடாபாவ் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான். கையில் அந்த நோட்டு.

"நீலா, சும்மா கேக்கறேன். ஓரத்துல இது என்ன எழுதியிருக்கே?"

நீலா குனிந்து பார்த்தாள். உண்மை ஒரு நொடி வாய்வரை வந்தது என்று அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். விற்பனைத் தாளில் இருந்த பேர் நினைவுக்கு வந்ததும் அது உள்ளே போய்விட்டது.

"எங்கம்மா போன்ல சொன்ன ரசப்பொடி அளவு."

"ஓ! நான் ஏதோ முக்கியம்னு நெனச்சேன்."

"ரசம் வைக்கறவங்களுக்கு முக்கியந்தான்."

அவனும் நிம்மதியாக வடாபாவைக் கடித்தான்.

அடுத்த வாரம் வாங்க வந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்து ஆட்களுக்காக, ஜெயந்த் தானே பெரிய அளவில் புரதம் தயாரித்தான். அச்சடித்த குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான். மேடத்தின் முன்னால், வந்தவர்கள் முன்னால், குழாயை ஐஸிலிருந்து எடுத்தான். நீலா பின்வரிசையில் கைகட்டி நின்றாள். கண்ணெதிரே கலங்கியது, பிறகு பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக அடியில் இறங்கியது. இன்னொரு குழாய். அதுவும்.

"ஏன் இப்படி ஆச்சு?" என்றார் மேடம்.

ஜெயந்த் நோட்டைப் புரட்டினான். அதில் என்னத்தைக் கண்டான்! "முறையைச் செஞ்சவங்களுக்குத்தானே தெரியும் மேடம்" என்றாள் நீலா. இத்தனை நாள் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

அன்று சாயங்காலம் பட்டாபிராமன் நோட்டோடு பி-விங்குக்கு வந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

"ரசப்பொடியாம்மா இது?"

நீலா கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவன் வேலை போயிடும்மா. மேடத்துகிட்ட ரெண்டு பேர் தப்புன்னு சொல்லேன்."

"தப்புக்கு மட்டும் ரெண்டு பேர், பேருக்கு ஒருத்தனா மாமா? தாளைத் திருத்தச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

ஜெயந்த் மேடத்திடம் உண்மையை ஒப்புக்கொண்டான், தாளைத் திருத்தினார்கள். தயாரிப்புக் குறிப்பைத் திருத்த வேண்டிய மூன்று கையெழுத்தும் இரண்டே நாளில் கிடைத்தது. வந்தவர்கள் ஊர் திரும்புமுன் நீலா செய்துகொடுத்த புரதம் தெளிவாக நின்றது. தாளில் அவள் பேர் மட்டும். ஜெயந்துக்காக அவள் மேடத்திடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'அப்புறம் பாக்கலாம்' என்றுதானே சொன்னாள், பேசுகிறேன் என்றா சொன்னாள்?

வேலை போன ஜெயந்த் இப்போது ஹைதராபாத்துக்குப் போய் மைக்ராஸ்கோப் விற்கிறான். தீப்தி என்று ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். பட்டாபிராமன் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டு மகனோடு போய்விட்டார். நீலா, வங்கியில் இருக்கும் ரவிசந்திரனைக் கட்டிக்கொண்டு அதே பி-விங்கில் இருக்கிறாள்.